குப்புசாமி அத்தான் கட்டிய கயிறு

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அத்தானின் தோணியில் வேலை செய்த அந்துவான், எங்கள் ஊரான செமின் கிரனியேவில் வீட்டு மூங்கில் வேலிக்கு அப்பால், சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, அத்தான் போய்விட்டார் என்றான். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். மறுத்துவிட்டான். நான் தேநீர் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். கையைத் தூக்கித் தடுத்தான். காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த அப்பா, கம்பளியைப் போர்த்தியபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "முருகன் அழைச்சுக்கிட்டான்" என்றார். முருகன் அழைக்கவில்லை அப்பா, நீங்கள் கொண்டுபோய் ஏற்றிய விளக்குதான் அவரை அங்கே வரவழைத்தது என்று வாய் வரை வந்தது. எனக்குப் பின்னால் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், நிறைமாதம். நான் சொல்லவில்லை.

இதை எழுதச் சொன்னவரும் அப்பாதான். அத்தானோடு வேலை செய்தவர்களும் அவரை அறிந்தவர்களும் கோயிலில் கூடும்போது படிக்க ஏதாவது வேண்டும், வீட்டில் நீதானே புத்தகமும் கையுமாக இருக்கிறாய் என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "உள்ளதை எழுது" என்று சொல்லிவிட்டுக் கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார். உள்ளது அவருக்கும் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

குப்புசாமி அத்தான் என் அக்கா பாக்கியத்தின் கணவர். போர்ட் லூயி துறைமுகத்தில் தோணிக்காரர்களுக்கு சர்தார், அதாவது மேஸ்திரி. நம் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வருவதில்லை. தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். அகலமான, திறந்த தோணிகள் போய் அரிசி மூட்டைகளை இறக்கி வரும், சர்க்கரை மூட்டைகளை ஏற்றிவிட்டு வரும். உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கிய வருஷம் அது. கப்பல்களோடு அந்தப் பெரிய காய்ச்சலும் துறைமுகம் துறைமுகமாக வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தையே மூடிவிட வேண்டும் என்று நகரத்தில் பலர் பேசினார்கள். அத்தான் அதைக் கேட்டு எரிச்சல்படுவார். "மூடுறதுக்கு ஒரு பூட்டு போதும். இந்தத் தீவுல எங்க பார்த்தாலும் கரும்பு. கரும்பையா வடிச்சுச் சாப்பிடுவாங்க? தொறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தனும் சாகாம பாத்துக்கணும், அதான் வேலை" என்பார்.

அவர் கண்டுபிடித்த வழியை ஒருநாள் கரையில் நின்று நானே பார்த்தேன். காய்ச்சல் உண்டு என்று மஞ்சள் கொடி ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுக வாயிலுக்கு வெளியே நின்றது. நீராவிப் படகு ஒன்று ஆளில்லாத தோணியை நீளமான கயிற்றில் இழுத்துக்கொண்டு போய்க் கப்பலின் பக்கத்தில் மிதக்கவிட்டது. கப்பல்காரர்கள் தாங்களே மூட்டைகளை இறக்கி நிரப்பினார்கள். நம் ஆள் ஒருவர்கூட ஏறவில்லை. தோணி நிரம்பியதும் மறுபடி அதே கயிற்றால் இழுத்து வந்து ஒரு மிதவையில் கட்டிவிட்டார்கள். வெயிலிலும் காற்றிலும் அது ஒரு வாரம் கிடந்த பிறகுதான் நம்மவர்கள் கை வைத்தார்கள். அந்த ஒரு வாரத்தில் மூட்டைக்கு என்ன ஆகும் என்று அத்தானைக் கேட்டேன். மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறது, மழை வந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். பிறகு, "அரிசி பொறுக்கும். மனுஷன்தான் பொறுக்க மாட்டான்" என்றார்.

மனிதர் பொறுக்காததை அவர் நன்றாக அறிந்திருந்தார். தோணியில் வேலை செய்பவர்கள் கப்பல் நிற்கும் நாட்களில் வீட்டுக்குப் போகக்கூடாது என்று வைத்தார். கரையில் ஒரு கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே படுக்க வேண்டும். மனைவிமார் துணிமணிகளை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார். கிரியோல் பேசும் தோழர்கள் அவருக்கு 'மிஸியே லாகோர்ட்', கயிற்று ஐயா, என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கயிறு இல்லாமல் இவர் பெண்டாட்டியிடம்கூடப் பேச மாட்டார் என்று அந்துவான் கேலி செய்வான். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். "உன் பெண்டாட்டியக் கேளு, உன்னை இன்னும் கொஞ்சம் நீளக் கயித்துல கட்டச் சொல்லுவா" என்பார்.

அவர் நிறுத்திய பழக்கங்களில் நம்மவர்களுக்கு மிகவும் வலித்தது பேச்சு. இந்தியாவிலிருந்து வரும் கப்பலில் தமிழ் மாலுமிகள் இருந்தால், தோணியிலிருந்து "எந்த ஊரு?" என்று கேட்பது வழக்கம். கேட்பவர்களில் பாதிப்பேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். அதைச் சொல்லி, அந்த ஊர்க்காரர் யாராவது உண்டா என்று விசாரிப்பார்கள். மேலேயிருந்து ஒரு பொட்டலம் திருநீறோ, ஒரு கவுளி வெற்றிலையோ இறங்கி வரும். அத்தான் அதையும் கூடாது என்றுவிட்டார். பக்கத்தில் போனால்தானே பேச முடியும், பக்கத்தில் போகாதே என்றார். வயதான தோணிக்காரர் ஒருவர் கண் கலங்கி, கப்பலில் யார் வந்தார்கள் என்றுகூடத் தெரியாமல் அரிசியைச் சாப்பிடுவதா என்று கேட்டாராம். "பேச்சும் ஒரு சரக்குதான் பெரியவரே. இப்போ அதை எறக்க வேண்டாம்" என்று அத்தான் சொன்னாராம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று வெளியில் கேட்டவர்களுக்கு அவர் காரணம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அவர்களுடைய முதல் குழந்தை நகரத்துப் பிளேக்கில் போனது. அரிசி மூட்டைக் கிடங்குக்குப் பின்னால்தான் அப்போது வீடு. அதற்குப் பிறகு பல வருஷம் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இப்போது உண்டானதும் அத்தான் ஒரே ஒரு தீர்மானத்தில் இருந்தார்: இந்தக் குழந்தையும் அக்காவும் காய்ச்சலின் பக்கம் போகக்கூடாது, காய்ச்சலும் அவர்கள் பக்கம் வரக்கூடாது. துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்றார். தீவின் தென்கோடியில் கரும்புக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டைவிடத் தூரமான இடம் அவருக்குத் தெரியவில்லை. அக்காவை அழைத்துப் போக நானும் அப்பாவும் போர்ட் லூயிக்குப் போனோம்.

அப்பாவுக்கு வேறொரு காரியமும் இருந்தது. எங்கள் ஊர்ச் சிறு தோட்டக்காரர்கள் ஒவ்வொரு வெட்டிலும் ஆளுக்கு ஒரு வண்டிக் கரும்பைக் கோயிலுக்கென்று ஒதுக்கி, வெகுகாலம் சேர்த்து, கும்பகோணத்துப் பக்கத்தில் ஒரு ஸ்தபதியிடம் முருகன் விக்கிரகம் செய்யச் சொல்லியிருந்தார்கள். கோயிலுக்கு அப்பாதான் தலைவர். தகரக் கூரையின் கீழ் இதுவரை ஒரு படமும் ஒரு வேலும் வைத்துத்தான் கும்பிட்டு வந்தோம். சண்டையால் கப்பல் இல்லாமல் தாமதமாகி, விக்கிரகம் அடுத்து வரும் அரிசிக் கப்பலில் வருவதாகச் செய்தி வந்திருந்தது. அந்தப் பெட்டியை மட்டும் நேரே கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அப்பா மருமகனிடம் கேட்டார்.

கொட்டகைக்கு வெளியே, வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அத்தான். முருகன் மலைமேல் தனியாக நின்று பழகியவர், ஒரு வாரம் தோணியில் இருக்கமாட்டாரா என்று அத்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். மூட்டைகளுக்கு நடுவில், ஒரு விளக்குகூட இல்லாமலா என்றார் அப்பா. இன்னும் பிரதிஷ்டை ஆகவில்லையே மாமா, கண்கூடத் திறக்கவில்லையே, அதுவரை அது வெறும் வெண்கலம்தானே என்றார் அத்தான். சாஸ்திரப்படி அது சரி. பூசாரியே அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"வெங்கலம்னு உங்க வாயால சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்றார்.

அத்தான் உடனே மன்னிப்புக் கேட்டார். ஆனால் பெட்டியை விடுவதாகச் சொல்லவில்லை.

கப்பல் வந்தது. அதில் காய்ச்சல் இருந்தது. அத்தான் வழக்கம்போல் தோணியை மிதக்கவிட்டார். அரிசியும் அதன்மேல் பெட்டியும் இறங்கின. தோணியை மிதவையில் கட்டினார்கள். இது எங்கள் ஊருக்குத் தெரிந்ததும் அப்பாவும் பூசாரியும் ரயிலேறினார்கள். நகரத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கப் போவதாகத்தான் எங்களிடம் சொன்னார்கள். மறுநாள் மாலை அப்பா திரும்பி வந்தபோது அவர் முகம் நான் என்றும் கண்டிராத மலர்ச்சியோடு இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு மீனவரின் படகைப் பேசி, எண்ணெயும் விளக்கும் பூவும் எடுத்துக்கொண்டு தோணிக்குப் போயிருக்கிறார்கள். விக்கிரகம் தனியாக இல்லை. கப்பலின் சமையல்காரர் ஒருவர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விக்கிரகத்தைக் கோயில்காரர்கள் கையில் ஒப்படைக்கும்வரை விட்டு நகர்வதில்லை என்று அவர் ஸ்தபதிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். மூட்டைகளோடு இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. கயிற்றின் மறுமுனையிலிருந்து இழுத்தவர்களுக்கு அவர் மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தது தெரியவில்லை. அவர்தான் முதலில், "எந்த ஊரு?" என்று கேட்டாராம். அப்பா தம் தாத்தாவின் ஊரைச் சொன்னார். அதற்கு அடுத்த ஊர்க்காரர் அவர். அந்த ஊர்க் குளம் இன்னும் இருக்கிறதா, கோயில் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்றெல்லாம் அப்பா கேட்டிருக்கிறார். பெட்டியின் முன் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, கொண்டுபோன சோற்றைச் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியின் கனத்தை மீனவரின் படகு தாங்காது என்பதால், அது கரைக்கு வரும்வரை தாமே காவல் இருப்பதாக அவர் சொல்லிவிட்டாராம். "பாவம், ரொம்ப அசதியா இருந்தாரு. இருமிக்கிட்டே பேசினாரு" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதுகூட அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சமையல்காரர் கொடுத்த திருநீற்றை எடுத்து, அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தம் கையாலேயே அவள் நெற்றியில் பூசினார். அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல நாள் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே மாலை அத்தான் கரையில் நின்றிருக்கிறார். இதற்குப் பிறகு நடந்ததை அந்துவான் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆள் இருக்கக்கூடாத தோணியில் ஒரு விளக்கு எரிவதை அத்தான் பார்த்தார். அது எண்ணெய் விளக்கு, கப்பல்காரர்களின் லாந்தர் அல்ல என்று தூரத்திலிருந்தே கண்டுகொண்டாராம். சிறு படகை எடுத்துக்கொண்டு போய், தள்ளி நின்று குரல் கொடுத்தார். சமையல்காரர் பதில் சொன்னார். யார் வந்தார்கள், எப்போது போனார்கள், எந்த ரயில் என்றெல்லாம் அவரிடமிருந்தே தெரிந்துகொண்டார். பிறகு வெகுநேரம் துடுப்பைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று அந்துவான் சொன்னான்.

காலை முதல் ரயிலில் அந்துவானை எங்கள் ஊருக்கு அனுப்பினார். அப்போதும் அவன் சாலையில் நின்றுதான் சொன்னான். போய் வந்த இரண்டு பேரும் கொல்லையில் இருக்கும் காவல் குடிசையில் ஒரு வாரம் தங்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது, முக்கியமாக பாக்கியம் பக்கத்தில் போகக்கூடாது. சர்தார் கையெடுத்துக் கேட்டுக்கொள்ளச் சொன்னார் என்றான். அப்பாவுக்கு அது அவமானமாகப் போயிற்று. சாமி காரியமாகப் போய் வந்தவரைக் குஷ்டரோகியைப்போல் ஒதுக்கி வைப்பதா என்றார்.

"எம் மாப்பிள்ளை என்னையும் தோணின்னு நெனைச்சுட்டாரு. மிதவையில கட்டிப் போடப் பாக்குறாரு" என்றார்.

அதைக் கேட்டு அக்காகூடச் சிரித்துவிட்டாள். அந்துவான் சிரிக்கவில்லை. குடிசைக்கு யாரும் போகவில்லை. பூசாரி அன்றும் பூஜை செய்தார்; எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்தார்.

அந்துவான் துறைமுகத்துக்குத் திரும்பியபோது அத்தான் தோணியில் இருந்தார். சமையல்காரருக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. தண்ணீர் கேட்டுக் கத்தியிருக்கிறார். கப்பலில் இருந்தவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். அவர்களில் பலர் படுக்கையில் இருந்தார்கள். கரையிலிருந்தும் யாரும் போகவில்லை. போகக்கூடாது என்று சொன்னவரே அத்தான்தான். அவர் சொன்னதை அவர்கள் செய்தார்கள். கடைசியில் அவரே ஒரு குடம் தண்ணீரோடு ஏறினார். ஏறுவதற்கு முன், இனி தான் இறங்கப் போவதில்லை என்றும், தான் போட்ட விதிதான் தனக்கும் என்றும், படகில் உடன் வந்தவர்களிடம் சொல்லிக் கயிற்றை நீளமாக விடச் சொன்னார். சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கயிற்றில் அனுப்பினார்கள். கூடையைத் திருப்பி அனுப்பாமல் கடலில் போட்டுவிடுவார்.

தினமும் மாலையில் அவர் அந்த விளக்கில் எண்ணெய் விட்டு ஏற்றியதாக அந்துவான் சொன்னான். இந்த விளக்கால் வந்த வினைதானே, இதை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று இவன் படகிலிருந்து கேட்டிருக்கிறான். "அவரு அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காருடா" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். சமையல்காரர் இறந்த மறுநாள் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரிலிருந்து செய்தி உண்டா, பாக்கியம் எப்படி இருக்கிறாள், மாமா குடிசைக்குப் போனாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனார் என்று அந்துவான் பொய் சொன்னான். அதற்காக அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தானை நகரத்துக்கு வெளியே, காய்ச்சல்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் புதைத்தார்கள். எங்களில் யாரும் பார்க்கவில்லை.

காய்ச்சல் அந்தத் தோணி வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதே நாட்களில் தீவின் வேறு ஊர்களான வக்குவாவிலும் சென்ட்ர் டி ஃப்ளாக்கிலும் காய்ச்சல் இருந்ததாகச் சொன்னார்கள். வேறு கப்பலில் வந்து இறங்கிய யாரோ ஒரு பிரயாணி கொண்டுவந்திருக்கலாம். அப்படியானால் அத்தானின் கயிறு, கொட்டகை, ஒரு வாரம் எல்லாமே வீண். தோணி வழியாகத்தான் வந்தது என்றாலும் வீண்தான். நான் எந்தப் பக்கமாக யோசித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறேன். படித்த புத்தகங்களில் இப்படிப்பட்ட மனிதர்களின் உழைப்புக்கு ஒரு பலன் சொல்லப்பட்டிருக்கும். இவருடைய உழைப்புக்கு நான் ஒரு பலனையும் காணவில்லை. சாமியை மூட்டையோடு போட்டார், அதனால்தான் போனார் என்று ஊரில் சிலர் பேசுவது என் காதில் விழுந்திருக்கிறது. அவர்களும் இன்று இங்கே உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் சாப்பிடும் அரிசி, அவர் இறக்கிய அரிசி. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு காலைப்பொழுது. அக்காவை ஊருக்கு அழைத்து வந்த அன்று அவர் வழியனுப்ப ரயிலடிக்கு வந்தார். முதல்நாள் கப்பல் பக்கம் போயிருந்ததால் நெருங்கி வரவில்லை. நாங்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் மேடையின் மறுகோடியில் நின்றார். நடுவில் அவ்வளவு கூட்டம். பேச வேண்டியதையெல்லாம் அங்கிருந்தே கத்தினார். நெய் விட்டுச் சாப்பிடு என்றார். ராத்திரியில் கிணற்றடிக்குப் போகாதே என்றார். பாரம் தூக்காதே என்றார். ரயிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, போதும் என்று சொல்லும்படி என்னை இடித்தாள். நான் கையை அசைத்தேன். அவர் என்னையும் விடவில்லை. "படிக்கிற பொண்ணே, புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வெச்சுட்டு உங்க அக்காவைப் பாத்துக்க" என்று கத்தினார். ரயில் நகர்ந்த பிறகும் குரல் கேட்டது; என்ன சொன்னார் என்று புரியவில்லை. மனைவியிடம் சொல்லவேண்டியதை ஊர் முழுக்கக் கேட்கும்படி, வெட்கமில்லாமல், தொண்டை கட்டக் கத்திய அந்தக் குரலை நான் வைத்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

அத்தான் இறந்த செய்தி வந்த அந்த வாரத்திலேயே பூசாரி இறந்தார். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பெண் குழந்தை பிறந்தது, அது அழவில்லை. மறுநாள் காலை அக்காவும் போனாள். அடுத்து வந்த அரிசிக் கப்பலில் தோணிக்காரர்கள் பழையபடி ஏறி, கையால் மூட்டை இறக்கினார்கள்.